நோரீனைக் கூப்பிட்ட வான்கோழி

டெல்மர் தன் ஆயுசில் மனிதர்களிடம் பேசியதைவிட வான்கோழிகளிடம் பேசியதுதான் அதிகம். யாரோ வயிற்றெரிச்சல்காரன் கட்டிவிட்ட கதை இல்லை இது. முப்பது வருஷத்துக்கு மேல் அவனோடு குடித்தனம் நடத்திய நோரீனே தேவாலயத்து விருந்தில், ஊரே கேட்க, அவனையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு சொன்னது.

"எங்கிட்ட 'ம்', 'ஊஹூம்' அவ்ளோதான். மலைமேல ஏறிட்டா மட்டும் பாக்கணுமே! கொஞ்சல் என்ன, குழையல் என்ன! நானும் ரெண்டு றெக்கையோட பொறந்திருக்கணும்."

டெல்மர் அதற்கும் 'ம்' என்றுதான் சொன்னான். சொல்லிவிட்டு உருளைக்கிழங்கை இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டான்.

அவனுக்கு அரசாங்க ரோட்டு வேலை. குளிர்காலத்தில் மலைப்பாதையில் பனி தள்ளும் லாரி ஓட்டுவான். மற்ற நாட்களில் ரோட்டோரம் புல் வெட்டுவான், பள்ளத்துக்குத் தார் போடுவான். எல்லாம் வாயைத் திறக்காமல் செய்கிற வேலை. ஆனால் அக்டோபர் பிறந்து ஓக் மரங்கள் கொட்டையை உதிர்க்க ஆரம்பித்தால் அந்த வாய்க்குள்ளிருந்து ஒரு வான்கோழிக் குடும்பமே வெளியே வரும். தாய்ப் பெட்டை, பருவக் குஞ்சு, எல்லாமே வெறும் தொண்டையால். மற்ற வேட்டைக்காரர்கள் மேலண்ணத்தில் ரப்பர் சவ்வை ஒட்டி ஊதுவார்கள், மரப்பெட்டியின் மூடியை அதன் விளிம்பில் தேய்த்துச் சத்தம் எழுப்புவார்கள். டெல்மருக்கு அவர்களைக் கண்டால் இளக்காரம். பெட்டி தேய்க்கிறவனை அவன் வேட்டைக்காரன் கணக்கிலேயே சேர்க்க மாட்டான்.

அதிலும் விதியைப் பாருங்கள், அவனுக்கு வாய்த்த மாமனார் ஒரு பெட்டிக்காரர். கல்யாணத்தன்று நோரீனின் அப்பா கிளெல் ஆசையாகத் தன் பெட்டியை எடுத்துவந்து மாப்பிள்ளை முன்னால் தேய்த்துக் காட்டினார். சீடர் மரத்தில் அவரே குடைந்த பெட்டி. அன்று முழுக்க வாயைத் திறக்காத மாப்பிள்ளை அப்போதுதான் திறந்தான்.

"துருப்பிடிச்ச கதவு மாதிரி இருக்கு, எண்ணெய் போடுங்க."

அதற்கப்புறம் மாமனாரும் மருமகனும் வெகுகாலம் முகம் கொடுத்துப் பேசவில்லை. கிளெல் செத்தபின் பெட்டி நோரீனுக்கு வந்தது. மூடி அசையாமல் ரப்பர் வளையம் மாட்டி, சமையலறை இழுப்பறையில் துணிகளுக்கு அடியில் வைத்தாள். டெல்மர் அந்தப் பக்கமே திரும்பிப் பார்த்ததில்லை.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். வேலையிலிருந்து வந்து வாசல் கேட்டில் இறங்கியதும் டெல்மர் பெண்டாட்டியைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டான். சிதறிப்போன குஞ்சுகளைத் தாய்க்கோழி ஒன்றுசேர்க்கிற குரல் ஒன்று உண்டு, நீளமாக, விட்டுவிட்டு. அதைத்தான் கொடுப்பான். க்யாக்... க்யாக்... க்யாக்... கடைசியில் 'க்யீ?' என்று ஒரு மேல் தூக்கு. அந்தத் தூக்கு எந்த வான்கோழியிடமும் கிடையாது. அது நோரீனுக்கென்று அவன் வைத்த வால்.

"வரேன், கத்தாத! நான் என்ன கோழியா?" என்று அவள் ஜன்னலிலிருந்து கத்துவாள். பக்கத்துவீட்டு வேட் இரண்டையும் கேட்டுவிட்டு, "ஜோடி கூட்டுல அடைஞ்சிடுச்சு, இனி இருட்டிடும்" என்பான். நோரீனுக்கு மானம் போகும். எத்தனையோ தடவை அதை விடச் சொல்லிச் சண்டை போட்டிருக்கிறாள்.

போன பிப்ரவரியில் அது தானாகவே நின்றது.

தொண்டையில் புற்று. குரல்வளையை மொத்தமாக எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு துளை, மூச்சு அதன் வழியே. துளையை மறைக்க ஒரு துணி. பேசுவதற்கு ஆஸ்பத்திரியில் ஒரு கருவி கொடுத்தார்கள். கழுத்தில் அழுத்திக்கொண்டு உதட்டை அசைத்தால் அது 'ங்ஙீ' என்று பேசும். வீட்டுக்கு வந்த அன்று ஒரே ஒருமுறை டெல்மர் அதை வைத்து "தண்ணி" என்றான். தகரடப்பாவில் மாட்டிய ஈ மாதிரி இருந்தது. அவனே திடுக்கிட்டான். கருவியைத் துடைத்து, அதே இழுப்பறையில், துணிகளுக்கு மேலே வைத்து மூடினான். அன்றோடு சரி.

வசந்தம் போனது, கோடை போனது. டெல்மர் கொட்டகையில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருப்பான். எதையும் பழுதுபார்ப்பதும் இல்லை. சாப்பிடக் கூப்பிட்டால் வருவான். சாயங்காலம் கடைக்குப் போய்விட்டு வந்தால் வண்டிக் கதவு சாத்துகிற சத்தம் நோரீனுக்குக் கேட்கும், அப்புறம் ஒன்றுமே கேட்காது. அந்த ஒன்றுமில்லாததுதான் அவளைக் கொன்றது. வேண்டாம் வேண்டாம் என்று சண்டை போட்ட சத்தத்துக்காக அவள் ஜன்னலில் நின்று ஏங்கினாள். சொன்னால் வெட்கம், ஆனால் ஏங்கினாள்.

அக்டோபர் வந்தது. மேபலுக்கு நிலைகொள்ளவில்லை. மேபல் அவர்களுடைய நாய், கறுப்பும் வெள்ளையுமாக, நெட்டைக்கால். வான்கோழிக்கு என்றே வளர்த்தது. கூட்டத்தை மோப்பம் பிடித்து நடுவில் பாய்ந்து குரைத்துக் கலைக்கவேண்டும். கலைத்ததும் திரும்பி வந்து சாக்குப்பைக்குள் புகுந்து, வெளியே வரச் சொல்கிறவரை மூச்சுக்காட்டாமல் கிடக்கவேண்டும். கலைந்த குஞ்சுகள் தனிமை தாங்காமல் தேட ஆரம்பிக்கும்போது வேட்டைக்காரன் தாய்போலக் கூப்பிடுவான். அதுதான் இந்த மலையின் வேட்டை. மேபலுக்கு எல்லாம் தெரியும். ஆனால் 'போ'வும் 'போதும்'மும் சொல்ல எஜமானனுக்கு வாய் இல்லை. அது கதவைப் பிறாண்டிப் பிறாண்டி அழுதது.

ஒருநாள் டெல்மர் பக்கத்துவீட்டுக்காரனைக் கூட்டிவந்தான். நாயைக் காட்டினான், அவனைக் காட்டினான், கயிற்றை வேட் கையில் வைத்தான்.

நோரீன் கையில் சோளமாவோடு வாசலுக்கு வந்தாள்.

"என்ன இது?"

"நாயை எடுத்துக்கச் சொல்றான் போல," வேட் தலையைச் சொறிந்தான். "நான் கேக்கல நோரீன், சத்தியமா கேக்கல."

"அதைக் குடுத்தா நானும் அதோடவே கிளம்பிடுவேன். எனக்கும் சேத்துச் சோறு போடுவியா?"

"ஐயோ, ஆளை விடுங்க. நீங்க போடற சத்தத்துக்கு எங்க வீட்டுக் கூரை தாங்காது."

டெல்மர் தன் கழுத்துத் துணியைத் தொட்டுக் காட்டினான். இதை வைத்துக்கொண்டு என்ன வேட்டை என்று அர்த்தம். கண்கள் எங்கோ பார்த்தன.

"தொண்டை போச்சு, சரி. கை போச்சா?" என்றாள் நோரீன். "வர்ற சனிக்கிழமை ஒரே ஒரு தடவை மலைக்குப் போவோம். நாய்க்கு உன் வாய் நான். திரும்பி வந்த அப்புறமும் இதே மாதிரிக் கல்லாட்டம் நின்னா, வேட் நாயை ஓட்டிட்டுப் போகட்டும். நானும் அப்புறம் ஒரு வார்த்தை கேக்க மாட்டேன்."

கடைசியாகச் சொன்னதை இரண்டு ஆண்களும் நம்பவில்லை. இருந்தாலும் டெல்மர் தலையை ஆட்டினான்.

உண்மையில் நோரீனுக்கு நாய் பெரிதில்லை. நாய் போனால் டெல்மர் இனி கொட்டகை ஸ்டூலிலிருந்து எழுந்திருக்க மாட்டான், அதுதான் பயம். உயிரோடு இருந்துகொண்டே போய்விடுவான். அவள் சித்தப்பா ஒருவர் அப்படிப் போனதை அவள் பார்த்திருக்கிறாள்.

சனிக்கிழமை விடிந்ததும் கிளம்பினார்கள். வேட்டும் துப்பாக்கியோடு வந்தான். "நான் மேட்டுக்கு அந்தண்டைப் பக்கம் இருக்கேன். நீங்க இந்தப் பக்கம். வழியில தொப்பியைக் கழட்டாதீங்க நோரீன்" என்று தன் தலையைத் தட்டிக் காட்டினான். ஆரஞ்சு நிறத் தொப்பி, மனுஷன் என்று தூரத்திலிருந்து தெரிய. இலையுதிர்கால மலைக்கு ஒரு சட்டம் உண்டு: வான்கோழிக் குரல் கேட்டால் அதை நோக்கி நடக்காதே. அது கோழியாக இருக்கலாம், கோழியாக நடிக்கிற ஆளாகவும் இருக்கலாம். அந்த ஆள் உன் அசைவைக் கோழி என்று நினைத்துச் சுடலாம். அப்படிச் செத்தவர்கள் உண்டு. அதனால் உட்கார்ந்த இடத்தில் உட்கார்.

ஓக் தோப்பில் வான்கோழிகள் தரையெல்லாம் கிளறியிருந்தன. டெல்மர் உதட்டை அசைத்தான், நோரீன் "போ!" என்றாள். மேபல் ஒருகணம் இவளை ஏற இறங்கப் பார்த்தது. பிறகு பறந்தது. சற்று நேரத்தில் மேட்டின் மேல் குரைப்பு, அதோடு இடி இறங்கின மாதிரி இறக்கைச் சத்தம். பறவைகள் நாலா திசையும் சிதறின. மேபல் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்து, சொல்லாமலே பைக்குள் நுழைந்து தலையை மட்டும் நீட்டிக்கொண்டது.

டெல்மர் ஒரு பெரிய ஓக் மரத்தடியில் உட்கார்ந்தான். நோரீனைப் பார்த்துக் கீழே தூரத்தில் இருந்த பாறையைக் காட்டினான். அங்கே போய் உட்காராம்.

"ஏன், நான் இங்க இருந்தா என்ன?"

அவள் மூக்கைத் தொட்டுக் காட்டினான். நீ தும்முவாய் என்றான். பொய். வாயில்லாமல் தான் தடுமாறுவதை அவள் பார்க்கக் கூடாது, அதுதான். அவளுக்குப் புரிந்துவிட்டது. அவள் தன் கோட்டுப் பையிலிருந்து அப்பாவின் பெட்டியை எடுத்து, ரப்பர் வளையத்தைக் கழற்றி, மூடியில் தடவுகிற சாக்பீஸ் துண்டோடு சருகின்மேல் வைத்தாள். ஒன்றும் பேசவில்லை. அவளுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று ஊருக்கே தெரியும். திரும்பிப் பார்க்காமல் பாறைக்கு நடந்தாள்.

பனிமூட்டம் இறங்கியது. முதலில் மேடு மறைந்தது, பிறகு ஓக் மரங்கள். நோரீன் கைகளைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். எங்கோ ஒரு குஞ்சு விசிலடித்தது: கீ, கீ, கீ. அதற்கு இன்னொன்று. சற்றுப் பொறுத்து டெல்மர் இருந்த பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. பிரேக் தேய்ந்த பழைய லாரி இறக்கத்தில் இறங்குகிற மாதிரி.

நோரீன் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. தேய்த்துவிட்டான்! 'அப்பா, கேட்டுச்சா? உங்க மாப்பிள்ளை தேய்க்கிறான், உங்களைவிட மோசமா!'

அந்தச் சத்தத்துக்குக் குஞ்சுகள் கப்சிப் ஆகிவிட்டன. மறுபடி ஒருமுறை தேய்த்தான். அதற்கும் பதில் இல்லை. அப்புறம் வெகுநேரம் எதுவுமே இல்லை. கோபித்துக்கொண்டு பெட்டியைத் தூக்கி எறிந்துவிட்டானோ என்று நினைத்தாள்.

மறுபடி சத்தம் கேட்டபோது அது மரத்தடியிலிருந்து வரவில்லை. இடப்பக்கம், பள்ளத்துப் பக்கம், கீழே. இந்த முறை விடாமல் வந்தது. உண்மையான பெட்டை கூப்பிட்டால் நிறுத்தும், காது கொடுக்கும், அப்புறம் கூப்பிடும். இது நிறுத்தவில்லை. மேட்டுக்கு அப்பாலிருந்து எதுவோ அதற்குப் பதில் கொடுத்தது. இது அதையும் சட்டை செய்யாமல் கத்திக்கொண்டே இருந்தது.

வான்கோழிதான், குஞ்சைத் தொலைத்த கிழம் ஏதோ, என்று நோரீன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். உட்கார்ந்த இடத்தில் உட்கார். சட்டம் சட்டம்தான்.

க்யாக்... க்யாக்... க்யாக்... க்யீ?

கரகரப்பாக, உடைந்து, தாறுமாறாக இருந்தது. ஆனால் கடைசியில் அந்த வால் இருந்தது. அவள் வாசல் கேட்டில் எத்தனையோ வருஷம் கேட்டுத் திட்டிய வால். உலகத்தில் எந்தக் கோழியும் அப்படி முடிக்காது. அவன் வான்கோழியைக் கூப்பிடவில்லை. அவளைக் கூப்பிடுகிறான்.

எழுந்துவிட்டாள். இரண்டு எட்டு வைத்தபின்தான் சட்டம் நினைவுக்கு வந்தது. இந்த மூட்டத்தில் ஆரஞ்சுத் தொப்பி யார் கண்ணுக்குத் தெரியும்? மேட்டில் வேட் இருக்கிறான், வேறு எவனும் இருக்கலாம். கோழி இல்லை நான், மனுஷி, என்று எப்படிச் சொல்வது? தேவாலயத்து ஞாயிற்றுக்கிழமைப் பாட்டு ஒன்றை எடுத்துவிட்டாள், அடிவயிற்றிலிருந்து. நோரீன் பாட்டு பிரசித்தம். பாடகர் குழுவில் அவளைக் கேக் சுடும் பொறுப்புக்கு மாற்றியதே அதனால்தான். சருகில் சறுக்கி, முள்ளில் கிழிபட்டு, ஒரு சரணத்தையே திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டு இறங்கினாள். தலைக்குமேல் மரங்களிலிருந்து வான்கோழிகள் படபடவென்று கிளம்பிப் போயின. அந்த மலையில் அன்றைக்கு மிச்சமிருந்த ஒன்றிரண்டும் போயிருக்கும்.

பள்ளத்தில் டெல்மர் மல்லாந்து கிடந்தான். பாசி படிந்த இரண்டு பாறைகளுக்கு நடுவே வலதுகால் முழங்கால்வரை மாட்டியிருந்தது. துப்பாக்கி எட்டாத தூரத்தில் சரிவில் போய் விழுந்திருந்தது, சுட்டுச் சைகை கொடுக்க வழியில்லை. போனுக்கு அங்கே சிக்னல் கிடையாது, கிடைத்தாலும் என்ன பேசுவான்? பக்கத்தில் பைக்குள்ளிருந்து மேபல் தலையை நீட்டிக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தது. 'போதும்' என்று யாரும் சொல்லாததால் அது குரைக்கவும் இல்லை, அசையவும் இல்லை. பாழாய்ப்போன ஒழுங்கு!

நடந்தது இதுதான்: பெட்டிக்குக் குஞ்சுகள் மயங்கவில்லை என்று டெல்மருக்கு ரோஷம். கிட்டே போய்த் தேய்க்கலாம் என்று நாயைப் பையோடு தோளில் போட்டுக்கொண்டு மூட்டத்தில் இறங்கியிருக்கிறான். சின்னப் பிள்ளைகூடச் செய்யாத காரியம். முப்பது வருஷம் அவனுக்கு அது தேவைப்பட்டதில்லை, கோழிகள்தான் அவனிடம் வந்தன.

நோரீன் அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தாள். கழுத்துத் துணி ஈரமாக இருந்தது. மூச்சு வருகிறதா என்று அதன்மேல் கை வைத்துப் பார்த்தாள், சூடாக வந்தது. அவன் விரல்கள் பெட்டியைத் தேய்த்துத் தேய்த்துத் தோலுரிந்திருந்தன. உதட்டை அசைத்தான். அவள் உற்றுப் பார்த்துப் படித்தாள்.

'எல்லாத்தையும் பறக்க விட்டுட்டியே.'

"அட எமப்பயலே!" என்று அவன் நெஞ்சில் ஒரு அடி வைத்தாள். அப்புறம் அதே நெஞ்சில் தலையைச் சாய்த்து ஓவென்று அழுதாள். "போதும்டி மேபல், போதும், வெளிய வா" என்று அழுகைக்கு நடுவே சொன்னாள். மேபல் பையை உதறிவிட்டு இத்தனை நேரம் அடக்கிவைத்ததையெல்லாம் மலை அதிரக் குரைத்துத் தீர்த்தது.

அந்தச் சத்தத்துக்கு வேட் வந்து சேர்ந்தான். ஒரு கட்டையை நெம்பி இருவருமாகக் காலை விடுவித்தார்கள். முறியவில்லை, சுளுக்கி வீங்கியிருந்தது. வேட் மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்தான்.

"பாட்டைக் கேட்டதும் நீங்கதான்னு தெரிஞ்சுபோச்சு நோரீன். ஊர்ல வேற யாருக்கும் அந்த தைரியம் கிடையாது. ஆனா கெடுத்துட்டீங்களே! ஒரு கிழட்டுப் பெட்டை கதறிட்டு இருந்துச்சு பாருங்க, இந்தப் பள்ளத்துலதான். நானும் பதில் குடுத்துக் குடுத்துப் பாக்கறேன், நகர மாட்டேங்குது. கோழியைத் தேடிப் போகக் கூடாதேன்னு உக்காந்தே இருந்தேன். எங்க போச்சு அது?"

நோரீன் டெல்மரைப் பார்த்தாள். டெல்மர் சருகுக்குள் கிடந்த பெட்டியை எடுத்துக் காட்டினான்.

வேட்டின் வாய் திறந்தபடி நின்றது. "நீயா? பெட்டியா? நான் கோழின்னு நெனச்சேன்யா!"

டெல்மரின் தோள்கள் குலுங்கின. சத்தமே இல்லை. வாயைத் திறந்து, கண்ணில் நீர் வழிய, வயிற்றைப் பிடித்துக்கொண்டு குலுங்கினான். பிப்ரவரிக்கு அப்புறம் அவன் சிரித்து நோரீன் பார்த்தது அப்போதுதான்.

இரண்டு பக்கமும் தாங்கிக்கொண்டு மலையிறங்கினார்கள். பாதி வழியில் வேட் தானாகச் சொன்னான்: "நாய் எனக்கு வேணாம். இந்த மனுஷன் பெட்டி தேய்க்க ஒழுங்காக் கத்துக்கவே ஏழெட்டு சீசன் ஆகும். நாய் இல்லாம எப்படி?"

டெல்மர் அவன் தோளிலிருந்து கையை எடுத்து, மண்டையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, மறுபடி தோளில் போட்டுக்கொண்டான்.

சாயங்காலம் கால்கட்டோடு அவனைக் கூடத்துச் சோபாவில் சாய்த்துவிட்டு நோரீன் சமையலறைக்குப் போனாள். வான்கோழி இல்லை, பீன்ஸும் சோள ரொட்டியும்தான். ஒன்றை நினைத்துக்கொண்டே கிண்டினாள். மேட்டில் வேட்டுக்கும் அந்தச் சத்தம் கேட்டிருக்கிறது. முப்பது வருஷம் அந்தச் சத்தத்தைக் கேட்டு நக்கலடித்தவன். அவனுக்கு அது கோழியாகத்தான் கேட்டிருக்கிறது.

கூடத்திலிருந்து வந்தது. க்யாக்... க்யாக்... க்யாக்... க்யீ?

நோரீன் அடுப்பை அணைத்தாள். கரண்டியைக் கீழே வைத்தாள். முதல் தடவையே நன்றாகக் கேட்டது. ஆனாலும் பதில் சொல்லாமல், மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள், இன்னொரு தடவை கூப்பிடட்டும் என்று.

அவன் இன்னொரு தடவை கூப்பிட்டான்.

"வரேன்," என்றாள். "கத்து. நல்லாக் கத்து. இதோ வரேன்."